ஒண்ணொண்ணாப் பார்க்கிறவர்

எங்கள் கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் எனக்கு அண்ணன்தான். மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டை ஒட்டி என் கூடப்பிறந்த அண்ணன் ஹோஸ் கடை வைத்திருக்கிறான். ரோடு ரோலர், கிரேடர், லோடர் என்று ரோடு போடுகிற பெரிய வண்டிகளுக்கெல்லாம் எண்ணெய் ஓடுகிற ரப்பர் குழாய் வேண்டும். அதை அளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் இரும்புப் பூண் வைத்து, மெஷினில் கொடுத்து நெரித்துத் தருவது எங்கள் வேலை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மெஷின் என் கைக்கு வந்தது. "அண்ணே, எத்தினி அடி?", "அண்ணே, பழச இங்கயே போட்டுட்டுப் போங்க" என்று நாள் முழுக்க அண்ணே போட்டால்தான் ஒரு பெண் அந்தக் கவுண்டரில் நிம்மதியாக நிற்க முடியும். பதிலுக்கு அவர்களும் என்னை அக்கா என்பார்கள். தலை நரைத்தவர்களுக்கும் நான் அக்காதான்.

கடைக்கு வந்த மெக்கானிக் ஒருவரை மட்டும் நான் அண்ணே என்று கூப்பிடவில்லை. முதல் நாள் கூப்பிட்டிருப்பேன். எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவரும் என்னை அக்கா என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க", அவ்வளவுதான். என் அண்ணிதான் முதலில் கவனித்தாள். "எல்லாரும் உனக்கு அண்ணன், அந்த மெக்கானிக் மட்டும் இன்னா, யாருமில்லையா?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

முதன்முதலில் அவர் வந்தது ஒரு ஹோஸைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு. ஒரு ரோலரின் ஸ்டியரிங் பம்புக்கு எண்ணெய் இழுத்துக் கொடுக்கிற ஹோஸ். வெளியே ஒரு கீறல் கிடையாது. "நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்துறீங்க?" என்று கேட்டேன். வியாபாரம் செய்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி. அவருக்கு அது பிடித்துவிட்டது போல. என் கத்தியை வாங்கி ஹோஸை நீளவாக்கில் பிளந்து கவுண்டர் மேல் விரித்தார். உள்ளே ரப்பர் தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"காலைல வண்டி லேசா திரும்புது. வெயில் ஏறுனா ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடுது. எண்ண சூடாச்சுன்னா இந்தத் தோலு கொழகொழன்னு ஆயி, இழுக்குற இழுப்புல வழிய மூடிக்குது. காலைல பாக்குறவனுக்கு வண்டில ஒண்ணுமில்ல. மத்தியானம் பாக்குறவனுக்கு பம்பு போயிடுச்சு."

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"காலைலேருந்து மத்தியானம் வரைக்கும் உக்காந்து பாத்தேன்."

அவரைப் பற்றி ஒரே வாக்கியம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து பார்க்கிற மனிதர். வண்டியின் ஸ்டியரிங் கெட்டுப்போனால் பொதுவாக என்ன செய்வார்கள்? எண்ணெயை மாற்று, ஃபில்டரை மாற்று, பம்பைக் கழற்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடி. எதனாலோ சரியாகிவிடும். வேலை நின்று கிடக்கிற இடத்தில் அது தப்பும் இல்லை. இவர் மாட்டேன் என்பார்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்ட மாத்துனா வண்டி சரியாயிடும். ஆனா எதனால சரியாச்சுன்னு தெரியாது. எதனாலன்னு தெரியலன்னா அது சரியானதே இல்ல."

இதனால் அவரைத் திட்டாத காண்ட்ராக்டர் இந்த ஊரில் கிடையாது. திட்டிவிட்டு அவரையேதான் மறுபடி கூப்பிடுவார்கள். என் அண்ணன் அவருக்கு ஒண்ணொண்ணா என்றே பெயர் வைத்துவிட்டான். தூரத்தில் அவருடைய பழைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே, "உன் ஒண்ணொண்ணா வந்துட்டாரு பாரு, ஒரு வாஷர் வாங்க ஒரு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். அவன் நல்லவன். அப்படிக் கிளம்பியது டீக்காக மட்டும் இல்லை என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது.

சேதராப்பட்டில் ஒரு கிரேடர் வம்பு பண்ணியது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தால் நிற்காமல் கையோடு மெல்ல வந்துகொண்டே இருக்குமாம். ஸ்டியரிங் யூனிட்டே போய்விட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இவர் என்னிடம் வந்து இரண்டு அடைப்பு கேட்டார். யூனிட்டிலிருந்து சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழியையும் அந்த அடைப்புகளால் மூடிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். அப்போதும் சுற்றினால் யூனிட்டில்தான் கோளாறு. கல் மாதிரி நின்றுவிட்டால் யூனிட் நல்லது, சிலிண்டருக்குள்ளே எண்ணெய் ஒழுகுகிறது. சாயந்தரம் அடைப்புகளைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"கல்லாட்டம் நின்னுச்சு," என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளையின் அம்மா மாதிரி இருந்தார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்குப் பொறுமை என்பது பக்கத்து வீட்டில் கூடக் கிடையாது. ஒருமுறை தலைவலி விடாமல் படுத்தி எடுத்தது. கண்ணாடியை மாற்றினேன், காப்பியை நிறுத்தினேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், தலையணையையும் தூக்கிப் போட்டேன். வலி போய்விட்டது. பெருமையாக அவரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"எதனால போச்சு?"

"எதனாலயோ போச்சு. போச்சா இல்லியா?"

"இப்ப காப்பி குடிக்கலாமா கூடாதான்னு உங்களுக்கே தெரியாதே. நல்லாருக்க காப்பிய சும்மா விட்டுட்டீங்களே."

மறுநாள் வரும்போது தூக்கில் காப்பி வாங்கிவந்தார். "இத மட்டும் குடிச்சுப் பாருங்க. மத்ததுல கைய வைக்காதீங்க" என்றார். தலை வலிக்கவில்லை. காப்பி மீது குற்றமில்லை என்று ருசுவானது. அந்தக் காப்பி தண்ணீராக இருந்தது, சர்க்கரை வேறு அதிகம். ஆனால் அது மாதிரி ஒரு காப்பியை நான் பிறகு குடிக்கவில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்க இதில் என்ன இருக்கிறது? அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அப்பா போனபின் தங்கையைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயசு ஓடிவிட்டது என்பார். நான் நாற்பதைத் தாண்டி, அண்ணன் வீட்டு முன் அறையில் பாய் விரிக்கிறவள். அவருக்கும் என்னைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவர் வாயிலிருந்து அதை வரவழைப்பதைவிட ரோலரைக் கையால் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

அது தெரிந்தது உப்பளம் ஏரியாவில். ஸ்டேடியம் பக்கம் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. ரோலரின் ஸ்டியரிங் சிலிண்டருக்குப் போகிற ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டுவிட்டதால் ஜோடியாகவே செய்யச் சொல்லியிருந்தார். அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். போன் வந்தது. "நீங்களே எடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டார். ஷட்டரை இழுத்துவிட்டு, ஹோஸ்களைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

இத்தனை நாள் அவர் கதை கேட்டிருக்கிறேனே தவிர வேலை செய்து பார்த்ததில்லை. ஓரமாக நின்றுகொண்டேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் நடுநடுவே தலையை வெளியே நீட்டி, "வெயில்ல நிக்காதீங்க" என்றார். இன்னொரு தடவை, "சாப்டீங்களா?" என்றார். மறுபடி உள்ளே போனார். ஆபரேட்டர் மேலே உட்கார்ந்து பீடி இல்லாத குறையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்ததும், "மெதுவா எடுங்க" என்றார். ரோலர் நகர்ந்தது. ஆபரேட்டர் ரோட்டுப் பக்கம் திருப்பினார். வண்டி ஓரத்துப் பக்கம் திரும்பியது. அவர் பதறி இன்னும் வேகமாக ரோட்டுப் பக்கம் திருப்ப, அது இன்னும் வேகமாக ஓரத்துக்குப் போய், இளநீர் கடைக்காரர் குவித்து வைத்திருந்த மட்டைகள் மேல் நிதானமாக ஏறி நின்றது. மட்டை பட்பட்டென்று வெடித்த சத்தத்தில் கடைக்காரர் அரிவாளோடு எழுந்துவிட்டார்.

"யோவ் மெக்கானிக்கு! நான் கிழக்கால திருப்புனா வண்டி மேற்கால போவுதுய்யா! வலது ஹோஸத் தூக்கி இடதுல மாட்டிட்டியா?"

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு அது. அவர் எழுந்தார். கையைத் துடைத்தார். வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வேலைய ஒண்ணா செஞ்சிட்டேன்," என்றார்.

"ஹோஸ் மாட்டுறது ஒரு வேலதான? இன்னொண்ணு இன்னா?" என்று ஆபரேட்டர் மேலேயிருந்து கேட்டார்.

அவர் மறுபடி அடியில் படுத்துவிட்டார். அந்த இன்னொரு வேலை நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். அந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை உடனே கேட்டுவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரை இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் வந்து, "உங்க வீட்டுக்காரர இன்னும் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டார். நினைக்கிறேன் என்றேன். "சரி. அது இருக்கட்டும். அதுல கைய வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல நாள் கழித்து என் அண்ணனிடம் பேசினார். அண்ணன் என்னிடம் வந்து, "நல்ல ஆளுதான். எனக்கொண்ணும் இல்ல. ஆனா அவுரு முடிவு சொல்றதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் முதியோர் பென்ஷன் வந்துடும்" என்றான். பிறகு அவர் தன் தங்கையிடம் பேசினார். ஒவ்வொன்றுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார், எங்கேயாவது ஒழுகுகிறதா என்று.

"எப்பத்தான் முடியும் உங்க ஆராய்ச்சி?" என்று கேட்டேன்.

"வீடு ஒண்ணுதான் பாக்கி."

வீடும் பார்த்தார். எங்கள் கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, முன்பக்கம் கொய்யா மரம் வைத்த சின்ன வீடு. என்னையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, மூடி, சொட்டுகிறதா என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் நான் சமையலறையில் நின்று அடுப்பு எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, காலையில் அவர் எந்த மூலையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார் என்று மனதுக்குள் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஜன்னலில் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. நான் வேறு தெரு வழியாகப் போகலாம். போவதில்லை.

அவர் இப்போது விழுப்புரம் போகிற வழியில், கிராமத்தில், தங்கை வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சில நாள் என்னைத் தெரிகிறது. சில நாள் மரியாதையாக, "யாரப் பாக்கணும்?" என்று கேட்கிறார். அந்தத் தங்கை தங்கமான பெண். எனக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரோடு போடுகிற இடம் ஏதாவது வந்துவிடும். ரோலர் ஆடாமல் அசையாமல் நேராகப் போய்த் திரும்பி வரும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அவர் கடைசியாகக் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கையில் ஹோஸ் இல்லை. வெறும் கையோடு அவர் வந்து நான் பார்த்ததேயில்லை. கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து முந்தானையில் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் உள்ளே ஹோஸ் வெட்டிக்கொண்டிருந்தான்.

"சேதராப்பட்டுல ஒரு லோடரு," என்று ஆரம்பித்தார். "ஹோஸ மறுபடியும் மாத்தி மாட்டிட்டேன்."

நான் சிரித்தேன். "அங்க எவ வந்து நின்னா?"

அவர் சிரிக்கவில்லை. "யாரும் இல்ல. நீங்க அங்க இல்ல." முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார். "ஒரு தடவன்னா விட்டிருப்பேன். அப்பறம் ஃபில்டரே போடாம மூடியப் போட்டேன். கழட்டுன போல்ட்ட கைல வச்சுக்கிட்டே தேடுனேன். தங்கச்சியக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. மறதி நோவாம். இந்த வயசுலயும் சில பேருக்கு வருமாம். போவப் போவ ஏறுமாம்."

உள்ளே அண்ணன் கட்டர் மெஷினை நிறுத்திவிட்டான்.

"அன்னைக்கு உப்பளத்துல, நீங்க வந்து நின்னதாலதான் தப்பு நடந்துச்சுன்னு நெனச்சேன். நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்க. அது தப்புங்க. அது நோவுதான். அப்பவே ஆரம்பிச்சிருக்கு."

நோய் என்று சொன்னபோது பயந்தேன். ஆனால் இதைச் சொன்னபோதுதான் என் நெஞ்சு உடைந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே நாள் அது. அதையும் கழற்றித் துடைத்து, இது உங்களுடையது இல்லை என்று சொல்லிக் கவுண்டர் மேல் வைத்துவிட்டாரே என்று இருந்தது.

"நோவுன்னா நோவு," என்றேன். "அதுக்கு இன்னா இப்ப? நான் பாத்துக்க மாட்டனா?"

"ஸ்டியரிங் சரியில்லாத வண்டில நான் ஆள ஏத்த மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"ஏறுறவ நானு. எனக்கு பயமில்ல."

"ஏத்த மாட்டேங்க." குரல் உயரவில்லை. தார் ஆறிப்போகிறது என்று கத்துகிற காண்ட்ராக்டர்களிடம் அவர் பேசுகிற அதே குரல். அதை யாரும் அசைத்ததில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் சீக்கிரம் வரும். "சரி, போங்க," என்றேன். "ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ஒண்ணத் தள்ளி வச்சிட்டு மத்தத ஓட்டிப் பாத்துதான நீங்க எதையும் சொல்வீங்க? சேதராப்பட்டுல நான் நிக்கல, ஒத்துக்கிறேன். என் நெனப்பும் அங்க இல்லன்னு சொல்லுங்க. அந்த ஹோஸ மாட்டறப்ப என்னய நெனைக்கவே இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா உப்பளத்துல நடந்ததும் நோவுதான்னு நானும் ஒத்துக்கிட்டு வாய மூடிக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் யோசித்தார். ஒரு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி, கவுண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை எங்கும் ஓட்டாமல் யோசித்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.

"அத என்னால கண்டுபிடிக்க முடியாதுங்க," என்றார் கடைசியில். "உங்கள நெனைக்காம ஒரு நாள் வேல செஞ்சிருந்தாதான, அத இதோட வச்சுப் பாத்துச் சொல்ல முடியும்? அப்படி ஒரு நாள் இல்ல."